கூண்டின் அடிச்சேறும் கடல்புழுக்களும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பாக் விரிகுடாவில் 6 மீட்டர் விட்டமுள்ள கூண்டுகளில் கடல் விரால் (கோபியா) வளர்க்கிறோம். கூண்டுக்கு அடியில் முங்கிய பையன் ஒரு வாளி சேறு அள்ளி வந்தான். கறுப்புச் சேறு, அதில் சிவப்பு நூல் போன்ற புழுக்கள் கொத்துக் கொத்தாக நெளிந்தன. வயலில் மண்புழு பெருகினால் மண் வளம் என்கிறார்களே, இதுவும் அப்படித்தானா? (மண்டபம் பகுதி வளர்ப்புக் குழு)

பதில்: இல்லை. வயல் கணக்கு கடல் தரைக்குச் செல்லாது. இங்கே எத்தனை புழு என்று எண்ணுவதைவிட, எத்தனை வகை, எந்த வகை என்று பார்ப்பதுதான் முக்கியம்.

கூண்டு இல்லாத நல்ல சேற்றுத் தரையில் ஓர் அடி சதுரத்தைத் தோண்டி அலசினால் பல வகைப் புழுக்கள் கிடைக்கும். சிப்பித் துண்டும் கடல்புல் இலையும் ஒட்டிய தோல்குழாய் ஒன்று மண்ணுக்கு மேல் விரலளவு நீட்டிக்கொண்டிருக்கும்; அதற்குள் குடியிருப்பது டயோபாட்ரா. தலை கீழாக நின்று ஆழத்து மண்ணைத் தின்று, வால் வழியாக மேலே தள்ளும் கணுக்கணுவான புழுக்கள் இருக்கும். துதிக்கையை வெளியே வீசி, அதன் நுனியிலுள்ள நான்கு தாடைகளால் இரை பிடிக்கும் கிளைசெரா இருக்கும். இரண்டு நீண்ட உணரிகளால் தரையைத் துழாவும் ஸ்பையோனிட் வகைகள் இருக்கும். இவை தங்கள் வளைக்குள் ஓயாமல் நீர் இறைப்பதால்தான் பிராணவாயு மண்ணுக்குள் சில சென்டிமீட்டர் ஆழம் வரை இறங்குகிறது. புழு இறைக்காவிட்டால் பிராணவாயு சில மில்லிமீட்டரிலேயே தீர்ந்துவிடும்.

கூண்டிலிருந்து தீனித் துண்டும் மீன் கழிவும் கொட்டத் தொடங்கியதும் பாக்டீரியாக்கள் அவற்றைச் சிதைக்கின்றன. அந்த வேலையில் மண்ணிலுள்ள பிராணவாயு தீர்ந்துபோகிறது. அதன்பின் கடல்நீரின் சல்பேட்டைக் கொண்டு வாழும் பாக்டீரியாக்கள் வேலையைத் தொடர்கின்றன. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 2.7 கிராம் சல்பேட் இருக்கிறது. எனவே அதற்குப் பஞ்சமே வராது. அவை வெளிவிடும் ஹைட்ரஜன் சல்பைடுதான் அழுகிய முட்டை நாற்றம். அது மண்ணிலுள்ள இரும்போடு சேரும்போது சேறு கறுக்கிறது. சல்பைடு, உயிரணுவின் சுவாசத்தையே நிறுத்தும் நஞ்சு. ஆழத்தில் வளை தோண்டும் பெரிய புழுக்கள் முதலில் போய்விடும். அவை போனதும் நீர் இறைக்க ஆளில்லை, சல்பைடு இன்னும் மேலே ஏறுகிறது. ஒரு கட்டத்துக்குப் பிறகு கெடுதல் திடீரென்று வேகமெடுப்பதற்குக் காரணம் இதுதான்.

காலியான இடத்தில் வந்து குடியேறுவது கேப்பிடெல்லா. பையன் அள்ளி வந்தது பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். ஓரிரு சென்டிமீட்டர் நீளம்; உடலுக்குள்ளிருக்கும் நீர்மத்தில் ஹீமோகுளோபின் இருப்பதால் சிவப்பு நிறம், குறைந்த பிராணவாயுவிலும் பிழைப்பு. தாய்ப்புழு தன் குழாய்க்குள்ளேயே முட்டைகளை அடைகாக்கிறது. வெளிவரும் இளம்புழுவுக்கு ஏற்ற சேறு கிடைத்தால் சில மணி நேரத்திலேயே தரையில் இறங்கிவிடும். ஒன்றிரண்டு மாதத்தில் அடுத்த தலைமுறை தயார். சதுர மீட்டருக்குப் பல்லாயிரம் என்ற கணக்கு இதற்குச் சாதாரணம்.

இந்த வரிசை மீன் கூண்டுக்கு மட்டும் உரியதல்ல. ஸ்காட்லாந்தின் லாக் ஈல் என்ற கடற்கழியில் காகிதக்கூழ் ஆலைக் கழிவு விழுந்த தரையைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் பியர்சன். அவரும் ரோசன்பர்கும் 1978ல் வெளியிட்ட கட்டுரை இதைத் தெளிவாக வரைந்து காட்டியது. கழிவு விழும் இடத்தில் உயிரே இல்லாத தரை, அதைச் சுற்றி ஓரிரு வகைச் சிறு புழுக்கள் மட்டும் பெருகிய வளையம், அடுத்து வகைகள் கலந்து கூடும் இடைநிலை, அதற்கு அப்பால் இயல்பான தரை. சாக்கடையோ, ஆலையோ, கூண்டோ, எந்தக் கடலானாலும் புழுக்களின் பெயர் மாறும், வரிசை மாறாது.

உங்கள் தரை இரண்டாவது நிலையில் இருக்கிறது. இதற்கு மேல் போனால் அந்தப் புழுவும் சாகும். சேற்றின் மேல் வெள்ளைப் பஞ்சு விரித்ததுபோல பெக்கியட்டோவா என்ற பாக்டீரியாப் படலம் படரும். அடியிலிருந்து வாயுக் குமிழ் கிளம்பும். அந்த வாயு ஏறும் வழியில்தான் உங்கள் மீன் நிற்கிறது. தீனியை இன்றே சரிபாருங்கள். இந்த அறுவடை முடிந்ததும் கூண்டை வேறிடத்துக்கு மாற்றுங்கள்.

கேள்வி: கழிவு எவ்வளவு தூரம் போகும்? நீரோட்டம் உள்ள இடம்தானே, அடித்துக்கொண்டு போய்விடாதா? (தொண்டி)

பதில்: கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். வலையின் அடிக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியைக் கழிவு மூழ்கும் வேகத்தால் வகுத்து, நீரோட்ட வேகத்தால் பெருக்க வேண்டும். குளிர்க்கடல் கூண்டுகளில் வளர்க்கும் சால்மன் மீனின் கழிவுக்கு நொடிக்குச் சுமார் 3.2 செ.மீ. என்று எடுத்துக்கொள்வது வழக்கம். தீனித் துண்டு இன்னும் வேகமாக, நொடிக்கு 10 செ.மீ. அளவில் இறங்கும். கடல் விராலின் கழிவுக்கு இந்த எண் கொஞ்சம் கூடலாம், குறையலாம். தோராயக் கணக்குக்கு இது போதும்.

பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடல். இடைவெளி 4 மீட்டர், நீரோட்டம் நொடிக்கு 5 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். கழிவு தரை தொட 125 நொடி. அதற்குள் அது நகரும் தூரம் 6 மீட்டர் சொச்சம். தீனித் துண்டு 40 நொடியில் இறங்கிவிடும், நகர்வது 2 மீட்டர். அதாவது தீனி நேர் அடியிலும், கழிவு பக்கத்துக் கூண்டின் அடியிலும் விழுகிறது. இடைவெளி 20 மீட்டரும் நீரோட்டம் நொடிக்கு 10 செ.மீ.யும் இருந்தால் அதே கழிவு 60 மீட்டருக்கு மேல் பரவும். ஒரே இடத்தில் குவியாது. நீரோட்டத்தை மட்டும் பார்ப்பது போதாது என்பது இதில் தெரிகிறது. ஆழம் குறைந்தால் நீரோட்டத்துக்கு வேலை செய்ய நேரம் கிடைப்பதில்லை.

அளவையும் பார்ப்போம். கூண்டில் ஒன்றரை டன் மீன், தினம் உடல் எடையில் 5 சதவீதம் சூடை மீனோ, சங்காயம் எனும் விலைபோகாத சிறு மீனோ வெட்டிப் போடுகிறீர்கள் என்றால் 75 கிலோ. அதில் பத்தில் ஒரு பங்கு, 7.5 கிலோ, தின்னப்படாமல் விழுகிறது. நீரை நீக்கினால் ஏறக்குறைய 1.9 கிலோ, அதில் கரிமம் சுமார் 850 கிராம். அது 50 சதுர மீட்டரில் விழுந்தால் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 17 கிராம் கரிமம். கனடாவின் சால்மன் பண்ணைகளில் கிடைத்த அனுபவப்படி, சுமார் 1 கிராமிலேயே தரையில் மாற்றம் தெரியத் தொடங்கும்; 5 கிராமைத் தாண்டினால் சல்பைடு குவியும். வெளி மீனும் நண்டும் ஒரு பகுதியைத் தின்னும், அலை ஒரு பகுதியைக் கலைக்கும் என்று பாதியைத் தள்ளினாலும் எல்லைக்கு மேலேதான் நிற்கிறோம். மீன் கழிவை இதில் இன்னும் சேர்க்கவே இல்லை.

ஆகவே கையில் இருக்கும் மிகப் பெரிய பிடி தீனிதான். ஒரே மூச்சில் வாளியைக் கவிழ்க்காதீர்கள். கையளவாகப் போட்டு, மீன் மேலே வந்து எடுப்பது தளர்ந்ததும் நிறுத்துங்கள். துண்டு மீன் வாய்க்குப் பொருந்தட்டும். பெரிய துண்டு கடிபட்டுச் சிதறி விழும். வெட்டிய மீனைக் கழுவி, குருதியும் தூளும் கரையிலேயே போகும்படி செய்யுங்கள். கூண்டின் அடிவலை மேல் ஒரு சதுர மீட்டர் கொசுவலையைச் சட்டத்தில் கட்டிக் கயிற்றில் இறக்கி, தீனி போட்டு அரை மணி கழித்துத் தூக்கிப் பாருங்கள். அதில் துண்டு தங்கியிருந்தால் அன்றைய அளவு கூடுதல். பெல்லட் எனும் உலர்ந்த குருணைத் தீவனத்துக்கு மாறினால் நீர்ச்சத்தும் தூளும் குறைவு. ஆனால் அதையும் அள்ளிக் கொட்டினால் தரைக்குப் போகும் கரிமம் கிலோவுக்குக் கிலோ பார்த்தால் இன்னும் அதிகம்.

கேள்வி: ஆய்வகம் இல்லாமல் தரையின் நிலையை நாங்களே பார்க்க வழி உண்டா? (தேவிபட்டினம்)

பதில்: உண்டு. நார்வேயில் என்.எஸ். 9410 என்ற தரநிலைப்படி பண்ணைகள் செய்யும் எளிய சோதனை இதற்கு நல்ல அடிப்படை. அவர்கள் சேற்றை அள்ளி, உயிர் இருக்கிறதா, பிஎச் (அமிலத்தன்மை) அளவும், பிராணவாயுவின் நிலையைக் காட்டும் மின்னழுத்த அளவும் எவ்வளவு, கண்ணுக்கும் மூக்குக்கும் தெரிவது என்ன என்று மூன்று வகையில் பார்க்கிறார்கள். மூன்றாவது வகைக்குக் கருவியே தேவையில்லை.

5 செ.மீ. விட்டமுள்ள ஒளிபுகும் பிளாஸ்டிக் குழாயை 40 செ.மீ. நீளத்துக்கு வெட்டி, இரண்டு ரப்பர் மூடிகள் வைத்துக்கொள்ளுங்கள். முங்குபவர் குழாயை நேராக 15, 20 செ.மீ. அமுக்கி, மேல் மூடியைப் போட்டு, மெல்ல உருவி, தரையை விட்டு எழுமுன் அடி மூடியைப் போட வேண்டும். மேல் மூடியைப் போடாமல் உருவினால் சேறு நழுவிவிடும். அமுக்குவதற்கு முன் காலால் கிளறிவிட்டால் மேலுள்ள மெல்லிய படிவு பறந்துபோய், தரை இருப்பதைவிட நன்றாக இருப்பதாகத் தோன்றும். அதனால் முங்குபவர் நீரோட்டத்தை எதிர்த்து வந்து, தனக்கு முன்னால் உள்ள மண்ணில் எடுப்பது நல்லது.

எடுக்கும் இடங்கள்: நடு அடி, கூண்டின் விளிம்பு, நீரோட்டம் போகும் திசையில் 10, 25, 50 மீட்டர். இவற்றோடு குறைந்தது 500 மீட்டர் தள்ளி, அதே ஆழமும் அதே வகை மண்ணும் உள்ள ஓர் ஒப்பீட்டு இடம். இந்தக் கடைசி இடத்தைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அலையாத்திப் பக்கம் இயல்பாகவே சேறு கறுப்பு. ஒப்பிட இடம் இல்லையென்றால் கூண்டின் மேல் வீணாகப் பழி போடுவோம், அல்லது வீணாக விட்டுவிடுவோம். ஒவ்வோர் இடத்திலும் மூன்று குழாய் எடுங்கள்.

குழாயை வெளிச்சத்தில் நிறுத்திப் பாருங்கள். மேலே பழுப்பு, கீழே கறுப்பு. பழுப்பு அடுக்கின் தடிமனை அளவுகோல் வைத்துக் குறியுங்கள். ஒப்பீட்டு இடத்தில் 3 செ.மீ. இருந்து கூண்டடியில் 2 மில்லிமீட்டர் என்றால் பிராணவாயு அந்த அளவுக்குத்தான் இறங்குகிறது என்று பொருள். அதன்பின் நார்வே முறையில் மதிப்பெண் போடலாம். வாயுக் குமிழ் வந்தால் 4, இல்லையென்றால் 0. நிறம் வெளிறியோ சாம்பலாகவோ இருந்தால் 0, கறுத்திருந்தால் 2. நாற்றமில்லை என்றால் 0, கொஞ்சம் 2, கடுமை 4. சேறு இறுகியிருந்தால் 0, மென்மை 2, கூழ் போல ஓடினால் 4. மேலே சேர்ந்த புதுப் படிவு 2 செ.மீ. வரை 0, 8 செ.மீ. வரை 1, அதற்கு மேல் 2. கூட்டுத்தொகையை மாதாமாதம் ஒரே நோட்டில் எழுதிவாருங்கள். ஒரு தடவை எடுத்த எண்ணைவிட, அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதே பயன்படும். மூக்கைக் குழாய்க்குள் விட்டு முகராதீர்கள். ஹைட்ரஜன் சல்பைடு செறிவாக இருந்தால் மூக்கு மரத்துவிடும், நாற்றம் இல்லை என்று ஏமாறுவோம்.

பிறகு சேற்றைக் கடல்நீர்த் தொட்டியில் சல்லடையோடு முக்கி முக்கி அலசுங்கள். குழாய்த்தண்ணீரைப் பீய்ச்சினால் புழு அறுந்துபோகும். நன்னீரில் ஊதி வெடிக்கும். கொசுவலையின் கண் 1 மில்லிமீட்டருக்கு மேல் என்பதால் கேப்பிடெல்லா நழுவிவிடும். அரை மில்லிமீட்டர் சல்லடைதான் சரி. எண்ணும்போது தலையை மட்டும் எண்ணுங்கள். துண்டுகளை எல்லாம் எண்ணினால் பத்துப் புழு முப்பதாகிவிடும். பெயர் தெரியவேண்டியதில்லை: நூல் போன்றது, குழாயில் இருப்பது, பக்கத்தில் கால்கள் உள்ள பூரான் வடிவம், கொத்துச் செவுள் உள்ளது என்று வடிவம் வாரியாகப் பிரித்து எண்ணினாலே போதும்.

கேள்வி: முதுகலை ஆய்வுக்காகக் கூண்டுப் பகுதியின் தரை உயிர்களை எடுக்கிறேன். ஆம்பி குறியீடு பயன்படுத்தலாமா? (தூத்துக்குடி)

பதில்: பயன்படுத்தலாம், கண்ணை மூடிக்கொண்டு அல்ல. தரை எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதை அதில் வாழும் உயிர்களை வைத்து ஓர் எண்ணாகச் சொல்ல, ஸ்பெயினின் பாஸ்க் கடற்கரையில் போர்ஹாவும் சகாக்களும் 2000ல் உருவாக்கிய குறியீடு இது. உயிர்களைக் கழிவுக்குக் கூசுபவை தொடங்கி அதில் கொழிப்பவை வரை ஐந்து குழுவாகப் பிரித்து, அவற்றின் சதவீதத்தை 0, 1.5, 3, 4.5, 6 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டி நூறால் வகுக்க வேண்டும். உதாரணமாக, கூண்டடியில் ஐந்தாம் குழு 70, நான்காம் குழு 20, மூன்றாம் குழு 10 சதவீதம் என்றால் 5.4, கடுமையாகக் கெட்ட தரை. ஒப்பீட்டு இடத்தில் முதல் மூன்று குழுக்கள் தலா 30, நான்காம் குழு 10 என்றால் 1.8, லேசான பாதிப்பு.

பெரும்பாலும் தவறு நேர்வது இனம் காணும் இடத்தில்தான். கேப்பிடெல்லாவும் மீடியோமாஸ்டஸும் நோட்டோமாஸ்டஸும் ஒரே குடும்பம். வெறுங்கண்ணுக்கு எல்லாம் சிவப்பு நூல். ஆனால் முதலாவது ஐந்தாம் குழு, மற்ற இரண்டும் மூன்றாம் குழு. குடும்பப் பெயரோடு நிறுத்தி எல்லாவற்றையும் ஐந்தில் போட்டால் நல்ல தரையும் கெட்டதாகிவிடும். நுண்ணோக்கியில் மார்புப் பகுதியின் மயிர்க்கணுக்களை எண்ணுங்கள்: கேப்பிடெல்லாவில் 9, மீடியோமாஸ்டஸில் 10, நோட்டோமாஸ்டஸில் 11. கேப்பிடெல்லா கேப்பிட்டாட்டா என்பதே ஒற்றை இனமல்ல, உருவில் ஒன்றுபோலத் தோன்றும் பல இனங்கள் என்று கிராசில் தம்பதியர் 1976லேயே காட்டினார்கள். அதனால் உங்கள் பட்டியலில் கேப்பிடெல்லா என்ற பேரினப் பெயரோடு நிறுத்துவது நேர்மை.

நம் கடலின் பல இனங்கள் ஆம்பி பட்டியலில் இல்லை. குழு ஒதுக்கப்படாதவை 20 சதவீதத்தைத் தாண்டினால் முடிவை எச்சரிக்கையோடு சொல்லுங்கள். 50ஐத் தாண்டினால் குறியீட்டை விட்டுவிட்டு, இன எண்ணிக்கையையும் செறிவையும் மட்டும் காட்டுங்கள். 0.1 சதுர மீட்டர் தரையை அள்ளும் வான் வீன் என்ற கருவியால் இடத்துக்கு மூன்று முதல் ஐந்து தடவை மாதிரி எடுங்கள். வெப்பக் கடலின் புழுக்கள் சிறியவை, ஆகவே 0.5 மி.மீ. சல்லடை. 7 சதவீத மக்னீசியம் குளோரைடில் புழுவை மயக்கியபின், ஒரு பங்கு கடை ஃபார்மலினுக்கு ஒன்பது பங்கு கடல்நீர் சேர்த்த கரைசலில், வெண்காரம் சிட்டிகை இட்டுப் பதப்படுத்துங்கள். ரோஸ் பெங்கால் சாயம் சேர்த்தால் புழு பளிச்சென்று தெரியும். சில நாள் கழித்துக் கழுவி 70 சதவீத எத்தனாலுக்கு மாற்றுங்கள். கையுறையும் காற்றோட்டமும் கட்டாயம். முடிந்தால் கூண்டு இறக்குவதற்கு முன்பே ஒருமுறை மாதிரி எடுங்கள். வாடைக்காற்றுக் காலம் தரையைத் தானாகவே கலைக்கும் என்பதால், முன்னும் பின்னும் ஒரே பருவத்தில் எடுத்ததாக இருக்க வேண்டும்.

கேள்வி: கூண்டைச் சுற்றிக் கடல்பாசி மிதவை கட்டினால் தரை கெடாது என்கிறார்கள். உண்மையா? (முனைக்காடு)

பதில்: பாதிதான் உண்மை. உங்கள் ஊர்க் கடலிலேயே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் ஒரு கடல் விரால் கூண்டுக்கு 16 பாசி மிதவைகள் என்ற அளவில் செய்து காட்டியது. பாசிக்கு உரம் கிடைப்பது உண்மை, வருமானமும் உண்மை. ஆனால் பாசி உறிஞ்சுவது நீரில் கரைந்த அம்மோனியாவையும் பாஸ்பேட்டையும்தான். கெட்டியாக விழும் தீனியையும் கழிவையும் அது தொடுவதில்லை. தரைப் புழுக்களைக் கொல்வது அந்தக் கெட்டிப் பொருள். மிதவைகளை நெருக்கிக் கட்டி நீரோட்டத்தைத் தடுத்தால் குவிப்பு இன்னும் கூடும். நீரோட்டம் வரும் திசையையும் போகும் திசையையும் திறந்து விட்டு, பக்கவாட்டில் கட்டுங்கள். அடியில் கடல்புல் இருந்தால் கூண்டும் வேண்டாம், மிதவையும் வேண்டாம். நிழலும் சேறும் சேர்ந்து புல்லை அழித்துவிடும். மத்தியதரைக் கடலில் பொசிடோனியா புல்வெளியிலிருந்து 400 மீட்டராவது தள்ளிக் கூண்டு போடச் சொல்கிறார்கள்.

கேள்வி: சேற்றைத் தின்னும் புழுவையே வளர்த்துக் கூண்டடியில் விடலாமா?

பதில்: ஜப்பானின் குமமோட்டோ பகுதியில், அமகுசா கரையோர மீன் பண்ணைகளில் செய்திருக்கிறார்கள். கேப்பிடெல்லாவைப் பெருமளவில் வளர்த்துக் குளிர் தொடங்கும் பருவத்தில் விட்டபோது, அது பெருகி அடிச்சேற்றின் கழிவைக் குறைத்தது. அங்கே குளிர்காலத்தில் நீர் கலங்கி அடிவரை பிராணவாயு போகிறது. புழு பெருக அந்த மாதங்கள் போதும். தினமும் புதிதாகக் கொட்டிக்கொண்டே இருக்கும் ஆழமில்லாத வெப்பக் கடலில் விட்டால் புழு தின்னும் வேகத்தைவிடக் குவியும் வேகம் கூடுதல். வேறிடத்துப் புழுவைக் கொண்டுவந்து விடுவது நோயையும் புது இனத்தையும் கொண்டுவரும் வழி. தீனியைக் குறைக்காமல் இதைத் தேடுவதில் பயனில்லை.

கேள்வி: நான் கூண்டு வளர்ப்பவன் அல்ல, கரைவலைக்காரன். புழு செத்தால் எனக்கென்ன நட்டம்? (திருப்பாலைக்குடி)

பதில்: கிழங்கான், நாக்கு மீன், நவரை, காரல், இறால் எல்லாம் தரையைக் கிளறிப் பிழைப்பவை, கிழங்கானின் வயிற்றை அறுத்தால் புழு இல்லாத நாள் குறைவு. கூண்டு தனியாக இருந்து, அடி கெட்டது சில பத்து மீட்டருக்குள் நின்றால் உங்களுக்குப் பெரிய இழப்பில்லை. சிதறும் தீனிக்கு வெளி மீன் கூடுவதால் அக்கம்பக்கத்தில் மீன்பாடு கூடவும் செய்யும். கூண்டுகள் நெருங்கி வளையங்கள் ஒன்றோடொன்று சேரும்போதுதான் ஒரு முழு மேய்ச்சல் தரையே போகிறது. பிலிப்பைன்ஸின் பொலினாவோ பகுதியில் அனுமதித்ததைவிட மிக அதிகமாகப் பால்மீன் கூண்டுகள் நெருங்கின; 2002 தொடக்கத்தில் பாசிப்பெருக்கும் பிராணவாயுக் குறைவும் சேர்ந்து மீன்கள் பெருமளவில் செத்தன. கூண்டுகளின் எண்ணிக்கையையும் இடைவெளியையும் முடிவுசெய்யும் கூட்டத்தில் உங்கள் கிராமமும் உட்கார வேண்டும்.

கேள்வி: கெட்ட தரை தேற எத்தனை மாதம்? திரும்ப அதே இடத்தில் எப்போது கூண்டு போடலாம்? (மண்டபம், மற்றும் பாம்பன் வாசகர்கள்)

பதில்: நாற்றமும் கறுப்பும் சில மாதங்களில் குறையும். புழுக் கூட்டம் திரும்ப அதைவிட நெடுங்காலம் ஆகும். கிரீஸின் செஃபலோனியா விரிகுடாவில் பண்ணையை எடுத்து 23 மாதங்கள் கழிந்தும் தரை முழுதாகத் தேறவில்லை. நார்வேயில் ஒவ்வொரு சுற்றுக்கும் இடையே குறைந்தது 2 மாதம் காலியாக விட வேண்டும் என்று சட்டமே உண்டு. அதில் நோய் தடுக்கும் நோக்கமும் கலந்திருப்பதால், அதைத் தரை தேறும் காலமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பாக் விரிகுடாவில் வாடைக்காற்று அலை தரை வரை எட்டிக் கலைப்பதால் மூடிய கழிகளைவிட விரைவில் தேறும் என்று எதிர்பார்க்கலாம். ஆனாலும் காலண்டரை நம்பாமல் குழாயை நம்புங்கள். பழுப்பு அடுக்கு ஒப்பீட்டு இடத்தின் பாதியாவது வந்து, வாயுக் குமிழ் நின்று, நூல்புழு தவிர மூன்று நான்கு வடிவப் புழுக்களாவது அலசலில் கிடைத்தால் கூண்டை இறக்கலாம். குழாய்ப்புழு திரும்பியிருந்தால் இன்னும் நல்லது. குழுவுக்கு இரண்டு இடங்களை ஒதுக்கி ஆண்டு மாற்றி ஆண்டு பயன்படுத்துவதும், வற்றத்தின்போதும் வலையடிக்கும் தரைக்கும் 3 மீட்டருக்குக் குறையாத இடைவெளி உள்ள இடத்தையே தேர்வதும் செய்தால் இந்தக் காத்திருப்பு குறையும். நங்கூரக் கற்களை மட்டும் பழைய இடத்திலேயே விட்டுவைக்கலாம். அவற்றைத் தூக்கும்போது கிளம்பும் சேறு பக்கத்துக் கூண்டு மீனின் செவுளை அடைக்கும்.